பெரியப்பாவோட ஹெரால்டும் ஒரு பின் கதவும்: பழைய காரை ரெஸ்டோர் பண்றதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

"சார், எங்க அப்பா காலத்து கார் ஒண்ணு ஷெட்ல நிக்குது. அதைச் சரி பண்ணி வெச்சா நல்ல முதலீடா?" இந்தக் கேள்வி எனக்கு மாசத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது வந்துடுது. சேனல்ல இதுக்குச் சுருக்கமா பதில் சொல்லிட்டேன். ஆனா கதவு, பாடி வேலை பத்தி பத்து நிமிஷ வீடியோவுல சொல்ல முடியாதது நிறைய இருக்கு. அதுல நானே தப்பா டிக் பண்ண ஒரு கொட்டேஷனும் இருக்கு. அதனாலதான் இந்தக் கட்டுரை.

கார் எங்க பெரியப்பாவோடது. ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 1970 மாடல், நாலு கதவு. குரோம்பேட்டையில வீட்டுப் பக்கவாட்டுல ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ பல வருஷமா நின்னுக்கிட்டு இருந்தது. பெரியப்பா 2019-ல காலமானாரு. அதுக்கப்புறம் அவர் பையன், எங்க அண்ணன், ரிட்டயர்மென்ட் பணத்துல கொஞ்சம் எடுத்து அதைப் பழையபடி ஆக்கணும்னு முடிவு பண்ணாரு. "நீதான்டா கணக்குப் புலி, செலவை நீ பாத்துக்கோ"ன்னு என்கிட்ட விட்டாரு.

முதல்ல காரைப் பத்தி. இது தெரிஞ்சாதான் பின்னாடி வர்ற கணக்கு புரியும்.

ட்ரயம்ஃப் ஹெரால்ட் 1959-ல பிரிட்டன்ல வந்த கார். வடிவமைச்சது இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலாட்டி. அந்தக் காலத்துல மத்த கம்பெனிகள் பாடியையும் சேசிஸையும் ஒண்ணா வெல்டு பண்ற முறைக்கு மாறிக்கிட்டு இருந்தாங்க. இதுல மட்டும் தனி சேசிஸ், அது மேல போல்ட் போட்டுச் சேர்த்த பாடி. காரணம் சுவாரஸ்யமானது: அவங்களுக்கு பாடி சப்ளை பண்ணிக்கிட்டிருந்த கம்பெனியைப் போட்டியாளர் வாங்கிட்டாங்க. அதனால பாகம் பாகமா வெவ்வேற இடத்துல செஞ்சு, கடைசியில போல்ட் போட்டு இணைக்கிற மாதிரி வடிவமைச்சாங்க. முன்பக்க பானெட், மட்கார்டு எல்லாம் ஒரே துண்டா முன்னாடி சாயும். இன்ஜின் பக்கத்துல உட்கார்ந்தே வேலை பாக்கலாம்.

இந்தியாவுல இதைத் தயாரிச்சது நம்ம மெட்ராஸ்ல இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். தொழிற்சாலை வண்டலூர் பக்கம். 1961-ல ஆரம்பிச்சது, 948 சி.சி. இன்ஜின். நம்ம ஊர் குடும்பத்துக்கு ரெண்டு கதவு பத்தாதுன்னு 1960-களோட கடைசியில நாலு கதவு மாடலை இவங்களே உருவாக்கினாங்க. இங்கதான் விஷயமே இருக்கு. நாலு கதவு ஹெரால்டு பிரிட்டன்ல தயாராகவே இல்லை. ரெண்டு கதவு ஹெரால்டுக்கு இன்னைக்கும் பிரிட்டன்ல புதுசா செஞ்ச உதிரி பாகங்கள் நிறைய கிடைக்குது, கஸ்டம்ஸ் கட்டி வரவழைச்சுக்கலாம். ஆனா எங்க பெரியப்பா காரோட பின் கதவு? காசு இருந்தாலும் ஆர்டர் போட உலகத்துல கடையே கிடையாது.

இது தெரியாமத்தான் நான் பேனாவை எடுத்தேன்.

ரெண்டு கொட்டேஷன்

ரெண்டு டிங்கரிங் ஷெட்ல விலை கேட்டோம். முதல் இடத்துல ஒரே வரி: பாடி வேலை, பெயிண்ட், எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய். ரெண்டாவது இடத்துல நாலு பக்கம். ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியா என்ன வேலை, எத்தனை நாள் கூலி, எந்த பாகம் திரும்பப் பயன்படும், எதுக்கு முலாம்னு எழுதி 3,10,000 ரூபாய் போட்டிருந்தாரு. 1,25,000 வித்தியாசம். "அண்ணா, ரெண்டும் ஒரே காருதானே, எதுக்கு அதிகம் குடுக்கணும்?"னு முதல் கொட்டேஷனை டிக் பண்ணேன். ஆடிட்ல யாராவது இப்படிப் பண்ணியிருந்தா நானே கேள்வி கேட்டிருப்பேன்.

மொத்தத் தொகை பேசினா, வேலை செய்றவருக்கு எது லாபம்னு யோசிச்சுப் பாருங்க. பழைய கதவோட அடிப்பகுதியை மட்டும் வெட்டி, அதே கனத் தகடுல துண்டு செஞ்சு, வெல்டு பண்ணி, விளிம்பை மடிச்சுச் சேர்க்குறது பல நாள் வேலை. மொத்த வெளித் தகட்டையும் பிடுங்கிப் போட்டுட்டு புதுத் தகடு அடிச்சு மாட்டுறது சீக்கிரம் முடியும். அதைவிடச் சீக்கிரம், ஓட்டை மேல பட்டி பூசிட்டுப் போறது. தொகை ஒண்ணுதான்னா அவர் சீக்கிரமான வழியைத்தான் எடுப்பாரு. அவரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒப்பந்தத்தை அப்படிப் போட்டது நாங்கதான்.

வண்டி திரும்பி வந்தப்போ பெயிண்ட் பளபளன்னு இருந்தது. பெரியம்மா திருஷ்டி கழிச்சாங்க. ஆனா இடது பின் கதவு புதுசா அடிச்சது. பழைய கதவு எங்கன்னு கேட்டா, "தேறாது சார், எடைக்குப் போட்டுட்டோம்"ன்னு பதில். கைப்பிடி வேற ஏதோ கார்ல இருந்து எடுத்து மாட்டியிருந்தாங்க. பாகங்கள் சேருற இடத்துல இருக்க வேண்டிய கோடுகளையும் "ஃபினிஷிங் நல்லா வரணும்"னு பட்டி வெச்சு மூடிட்டாங்க. போல்ட் போட்டுச் சேர்த்த காருக்கு அந்தக் கோடுகள்தான் அடையாளம். அதை மூடிட்டா நாளைக்கு ஒரு பாகத்தைக் கழட்டணும்னாலும் பெயிண்டை உடைக்கணும்.

ஒரு வருஷம் கழிச்சு பழைய கார் சேர்க்கிற ஒருத்தர் பாக்க வந்தாரு. சாவியே கேக்கல. காரைச் சுத்தி ஒரு தடவை நடந்தாரு. அப்புறம் ஷெட் டியூப் லைட்டோட பிரதிபலிப்பு கதவு மேல எப்படி விழுதுன்னு சாய்ஞ்சு பாத்தாரு. மூணு கதவுல அந்த வெள்ளைக் கோடு சீரா வளைஞ்சு ஓடுச்சு. இடது பின் கதவுல மட்டும் அலை அடிச்சது. கதவோட வெளித் தகட்டுல கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவு இருக்கும், அச்சுல அழுத்திச் செஞ்சது. தட்டையான தகட்டைச் சுத்தியலால அடிச்சா அது வராது. அவர் "பாக்கலாம் சார்"னு சொல்லிட்டுப் போனவர்தான்.

கதவுல எங்க காசு போடணும்

அதுக்கப்புறம்தான் ரெண்டாவது ஷெட்காரர்கிட்ட போய் உக்காந்தோம். அவர்கிட்ட நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன். எந்த மாடல் காருக்கும் பொருந்தும்.

கதவு துருப்பிடிக்கிறது வெளியில இருந்து இல்லை, உள்ள இருந்து. கண்ணாடி ஏறி இறங்குற இடத்துல இருக்கிற ரப்பர் பீடிங் காய்ஞ்சு போனதும் மழைத்தண்ணி கதவுக்குள்ள இறங்கும். அது வெளிய போகத்தான் கதவோட அடியில சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க. பழைய பெயிண்டர் யாராவது அதை அடைச்சிருந்தா தண்ணி உள்ளயே நின்னு, தகடு மடிச்ச இடத்துல இருந்து அரிக்கும். நம்ம கண்ணுக்குக் கொப்புளம் தெரியும்போது உள்ள பாதி போயிருக்கும். ஆக, 200 ரூபா பீடிங்கை மாத்தாம 20,000 ரூபாய்க்கு பெயிண்ட் அடிக்கிறது, மேல் தொட்டி ஒழுகும்போது சுவருக்கு வெள்ளையடிக்கிற கதைதான்.

பட்டி எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு சின்ன காந்தம் போதும், மெல்லிசா துணி சுத்திக்கோங்க. தகடு மேல ஒட்டும், கனமா பட்டி பூசின இடத்துல வழுக்கும். பழைய கார் வாங்கப் போறவங்க பையில இது இருக்கணும். கதவோட அடி நாலு அங்குலம், சக்கரத்துக்கு மேல இருக்கிற வளைவு, முன் கதவு மாட்டியிருக்கிற தூணோட கால் பகுதி, இந்த மூணு இடத்துல மட்டும் வெச்சுப் பாருங்க.

அடுத்து கதவு இடைவெளி. ஹெரால்டு மாதிரி தனி சேசிஸ் காருல பாடி உக்கார்ற இடங்கள்ல பேக்கிங் தகடுகள் இருக்கும். கதவுக்கும் தூணுக்கும் இடையில சந்து சீரா வர்றது கீல்ல மட்டும் இல்லை, இந்த பேக்கிங்கோட கனத்துலயும் இருக்கு. பாடியைத் தூக்கும்போது எந்த இடத்துல எத்தனை இருந்ததுன்னு எழுதி வைக்காம விட்டா, அப்புறம் எந்தக் கதவும் ஒழுங்கா மூடாது. மூடாத கதவை டிங்கர் அடிச்சு, தேய்ச்சு, பட்டி வெச்சுச் சரிக்கட்டுவாரு. நல்ல கதவு அங்க வீணாகும். சேசிஸ் சரியாகி, கதவைப் பெயிண்ட் இல்லாமலே மாட்டி, சந்து பாத்து, அதுக்கப்புறம்தான் பெயிண்ட். இந்த வரிசையை மாத்தாதீங்க.

சின்னச் சாமான்கள் விஷயத்துலதான் பலர் ஏமாறுறோம். கைப்பிடி, எழுத்து பேட்ஜ், கண்ணாடி ஏத்துற வைண்டர், குரோம் பட்டை. இதுல இரும்பு, பித்தளைச் சாமானுக்கு மறுபடி முலாம் போடுறது சுலபம். ஆனா அச்சுல வார்த்த துத்தநாகக் கலவைச் சாமான் மேல சின்னச் சின்னக் குழி விழுந்திருக்கும். அதைப் பாலிஷ் வீலுல கண்டபடி தேய்ச்சா எழுத்தே அழிஞ்சுடும். குழியைச் சுத்தம் பண்ணி, செம்பு முலாம் ஏத்தி நிரப்பி, அதுக்கு மேல நிக்கல், குரோம் போடணும். விலை அதிகம்தான். அது கட்டுப்படி ஆகலைன்னா பழைய சாமானை அப்படியே துடைச்சு மாட்டுங்க. குழி விழுந்த ஒரிஜினல் கைப்பிடிக்கு மதிப்பு இருக்கு, வேற கார்ல இருந்து வந்த பளபள கைப்பிடிக்கு இல்லை. கண்ணாடியும் அப்படித்தான். மூலையில தயாரிப்பாளர் முத்திரை இருக்கிற பழைய கண்ணாடியில லேசா கீறல் இருந்தா விட்டுடுங்க.

ஒரிஜினல் வண்ணம் எதுன்னு தெரியணுமா? கதவோட உள்பக்க அட்டையைக் கழட்டிப் பாருங்க, இல்லைன்னா டேஷ்போர்டுக்கு அடியில. பின்னாடி அடிச்ச பெயிண்டர்கள் அங்க வரைக்கும் போயிருக்க மாட்டாங்க. எங்க பெரியப்பா கார் வெள்ளைன்னுதான் நான் பிறந்ததுல இருந்து நினைச்சுக்கிட்டு இருந்தேன். அட்டைக்குப் பின்னாடி வெளிர் நீலம். பெரியம்மாகிட்ட கேட்டா, "ஆமா, உங்க பெரியப்பாதான் வெயிலுக்கு வெள்ளை நல்லதுன்னு மாத்தினாரு"ன்னாங்க.

சேசிஸ் நம்பர் அடிச்ச இடத்துல கிரைண்டர் படவே கூடாது. எஃப்.சி.க்குப் போகும்போது அங்கதான் பென்சில் பிரிண்ட் எடுப்பாங்க. நம்பர் மங்கிப் போச்சுன்னா அப்புறம் கார் உங்களோடதுன்னு நிரூபிக்கவே ஒரு வருஷம் அலையணும்.

சட்டம் கதவைப் பத்தி என்ன சொல்லுது

விண்டேஜ் வாகனங்களுக்குன்னு மத்திய அரசு 2021-ல மோட்டார் வாகன விதிகள்ல தனிப் பிரிவு கொண்டு வந்தது. 50 வருஷத்துக்கு மேல பழசு, வணிக உபயோகம் இல்லாத டூ வீலர், கார், இதெல்லாம் அதுல வரும். ஆனா ஒரு நிபந்தனை: வண்டி அதோட அசல் வடிவத்துல பராமரிக்கப்பட்டிருக்கணும். சேசிஸ், பாடி ஷெல், இன்ஜின் இதுல மாற்றம் செஞ்சு பெருசா புதுப்பிச்சிருக்கக் கூடாது. அதாவது டிங்கர் ஷெட்ல நாம எடுக்கிற முடிவு நேரா ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரைக்கும் வருது. ரிப்பேர் வேற, மாற்றம் வேற. அரிச்ச நாலு அங்குலத்தை அதே மாதிரி செஞ்சு வெச்சா ரிப்பேர். கூரையை வெட்டினா, கதவைக் குறைச்சா மாற்றம்.

இந்தப் பதிவுக்குப் புதுசா எடுக்கக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. புதுசா பதியுற வண்டிக்கு நம்பர்ல ‘வி.ஏ.’ங்கிற எழுத்து வரும். ஏற்கனவே பதிவான பழைய நம்பரை வெச்சுக்கலாம். இன்சூரன்ஸ்ல மூன்றாம் நபர் பிரீமியத்துல 50 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. ஆனா ஒண்ணு: விண்டேஜா பதிஞ்ச வண்டியை தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இதுக்கு மட்டும்தான் ரோட்டுல எடுக்கலாம்.

இப்போ வருமான வரிக்கு வாங்க. இங்கதான் ரெண்டு சட்டமும் முட்டிக்குது.

சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கிற அசையும் பொருள் மூலதனச் சொத்து கிடையாது. 1961 சட்டத்துல பிரிவு 2(14). அதனால நாம ஓட்டுற காரை லாபத்துக்கு வித்தாலும் மூலதன ஆதாய வரி இல்லை. நஷ்டமானா அதைக் கழிச்சுக்கவும் முடியாது. நகை, ஓவியம், சிற்பம் மாதிரி சிலதுக்கு இந்த விலக்கு கிடையாது, கார் அந்தப் பட்டியல்ல இல்லை. "அப்போ பழைய கார் வித்தா வரியே இல்லையா சார்?"னு உடனே சந்தோஷப்பட வேண்டாம்.

1931 மாடல் ஃபோர்டு டூரர் ஒண்ணை ஒருத்தர் 1983-ல 20,000 ரூபாய்க்கு வாங்கி, பிற்பாடு 21 லட்சத்துக்கு வித்தாரு. சொந்த உபயோகப் பொருள், வரி இல்லைன்னு வாதாடினாரு. வழக்கு மும்பை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், அண்மையில அவருக்கு எதிராத் தீர்ப்பு வந்தது. காரை சொந்தமா உபயோகிக்க முடியும்ங்கிறது மட்டும் போதாது, உபயோகிச்சதுக்கு ஆதாரம் வேணும். பராமரிப்புச் செலவுக்குக் கூட அவர்கிட்ட கணக்கு இல்லை.

இப்போ யோசிங்க. விண்டேஜ் பதிவு ‘அடிக்கடி ஓட்டாதே’ங்குது. வரி விலக்கு ‘ஓட்டினதைக் காட்டு’ங்குது. என் கருத்து இது: வாரக் கடைசியில குடும்பத்தோட கோயிலுக்கோ பீச்சுக்கோ எடுத்துட்டுப் போற கார்னா, சாதாரண ஆர்.சி.யையே புதுப்பிச்சுக்கிட்டு வாங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி.; 20 வருஷம் தாண்டின காருக்கு 2025-ல இருந்து புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய், பசுமை வரி தனி. பெட்ரோல் பில், சர்வீஸ் பில், இன்சூரன்ஸ் எல்லாம் உங்க பேர்ல இருக்கட்டும். கண்காட்சிக்கு மட்டும்னா விண்டேஜ் பதிவு. ஆனா விக்கும்போது வரி வரலாம்னு நினைச்சே கணக்குப் போடுங்க.

வரி வந்தா எவ்வளவு? 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா நீண்டகால ஆதாயம், 12.5 சதவீதம், செஸ் தனி. அப்பா, தாத்தாகிட்ட இருந்து வந்த வண்டின்னா அவங்க வாங்கின விலைதான் உங்க விலை. 2001 ஏப்ரல் 1-க்கு முன்னாடி வாங்கினதா இருந்தா அன்னைய சந்தை மதிப்பை எடுத்துக்கலாம். கதவு, பாடி வேலைக்கு ஆன செலவை மேம்பாட்டுச் செலவாக் காட்டலாம், பில் இருந்தா. துண்டுச் சீட்டுல "பாடி வேலை 1,85,000"ன்னு எழுதின எங்க முதல் ரசீது அங்க எவ்வளவு தாங்கும்னு எனக்கே சந்தேகம்தான். வருஷத்துக்கு நாலு பழைய கார் வாங்கி வாங்கி விக்கிறவங்களுக்கு இது எதுவுமே பொருந்தாது, அது வியாபார வருமானம். விக்கும்போது ரொக்கமா 2 லட்சமோ அதுக்கு மேலயோ வாங்கிடாதீங்க, வாங்கின தொகை அளவுக்கே அபராதம்.

இன்னொரு வேலையும் விட்டுப்போயிருந்தது. பெரியப்பா போன பிறகு ஆர்.சி.யை யாருமே மாத்தலை. உரிமையாளர் இறந்தா 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிச்சு, மூணு மாசத்துக்குள்ள படிவம் 31-ல விண்ணப்பிக்கணும். துக்க வீட்ல இது யாருக்கு ஞாபகம் இருக்கும்? லேட்டா போய், வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுகளோட சம்மதக் கடிதம் எல்லாம் கட்டி முடிச்சோம். இதைச் செய்யாம பெயிண்டுக்குக் காசு கட்டாதீங்க. வண்டி சட்டப்படி உங்களோடதே இல்லை.

கடைசிக் கணக்கு

அண்ணன் கதவைத் தேடி எட்டு மாசம் அலைஞ்சாரு. கடைசியில திண்டுக்கல் பக்கம் ஒரு பழைய மெக்கானிக் ஷெட்டுக்குப் பின்னாடி, புளியமரத்தடியில கிடந்த இன்னொரு நாலு கதவு ஹெரால்டுல இருந்து இடது பின் கதவு கிடைச்சது. கைப்பிடியோட 38,000 ரூபாய். அதோட அடிப்பகுதியும் அரிச்சுத்தான் இருந்தது, ஆனா வளைவு இருந்தது. ரெண்டாவது ஷெட்காரர் அதைச் சரி பண்ணி, மூடியிருந்த கோடுகளைத் திறந்து, முழுக்க வெளிர் நீலத்துல பெயிண்ட் அடிக்க 1,52,000. வண்ணம் மாறினதால ஆர்.சி.யிலயும் மாத்தினோம்.

1,85,000 + 38,000 + 1,52,000 = 3,75,000. முதல்லயே அந்த நாலு பக்கக் கொட்டேஷனை எடுத்திருந்தா 3,10,000. நான் மிச்சம் பிடிச்ச லட்சணத்துல 65,000 ரூபாய் கூடுதல், ரெண்டரை வருஷம் வீண்.

இது முதலீடான்னு கேட்டவங்களுக்கு: இந்த 3,75,000-ஐ 7 சதவீத வட்டியில 10 வருஷம் போட்டா, வரிக்கு முன்னாடி சுமார் 7.38 லட்சம். கார் அந்த விலைக்குப் போனாத்தான் எஃப்.டி.யைத் தொடும். அதுக்கு நடுவுல இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, ஷெட் எல்லாம் கைக்காசு. நான் அண்ணன்கிட்ட இதை எழுதியே குடுத்தேன். "இதை முதலீட்டுப் பக்கம் எழுதாதே, செலவுப் பக்கம் எழுது. அவசரத்துக்கு வெச்ச பணத்துலயும், மெடிக்ளெய்ம் பிரீமியத்துலயும் கை வைக்காம எவ்வளவு வருதோ அவ்வளவு"ன்னு. அவரும் ஒத்துக்கிட்டாரு. முதல் தடவை உடைக்கலாம்னு இருந்த சீனியர் சிட்டிசன் டெபாசிட் இன்னும் அப்படியே இருக்கு.

ரெண்டாவது தடவை ஒப்பந்தத்துல நாங்க சேர்த்த வரிகளைச் சொல்லிடறேன், நீங்களும் அப்படியே எழுதி வாங்கிக்கலாம். கழட்டுற எந்தப் பாகமும், துருப்பிடிச்ச துண்டு உட்பட, உரிமையாளர்கிட்ட திரும்ப வரணும். உரிமையாளர் பாத்து ஒத்துக்காம எந்தப் பாகத்தையும் மாத்தக் கூடாது. பணம் நாலு தவணை: கழட்டி போட்டோ எடுத்ததும் ஒண்ணு, தகடு வேலை முடிஞ்சு பிரைமர் அடிக்கிறதுக்கு முன்னாடி நேர்ல பாத்து ஒண்ணு, கதவு சந்து சரியானதும் ஒண்ணு, டெலிவரியில மிச்சம். பட்டி பூசுறதுக்கு முன்னாடி பாக்குற அந்த ரெண்டாவது தவணைதான் முக்கியம். அதுக்கப்புறம் உள்ள என்ன இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது இந்த போட்டோக்களும் பில்லும் கூடவே உதவுச்சு. அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு ஐ.டி.வி. நாமளும் கம்பெனியும் பேசி முடிவு பண்றதுதான். சும்மா 40,000-னு போட வந்தவங்ககிட்ட காட்டுறதுக்கு எங்ககிட்ட ஃபைல் இருந்தது.

டியூப் லைட்டைப் பாத்துட்டுப் போனாரே, அவர் போன மாசம் திரும்ப வந்தாரு. இந்தத் தடவை கதவைத் திறந்து மூடிப் பாத்தாரு, நாலையும். ஒரு தொகை சொன்னாரு, மோசமில்லை. அண்ணன் என்னைப் பாத்தாரு. நான் கணக்கை எடுத்துக் காட்டறதுக்குள்ள பெரியம்மா உள்ள இருந்து, "ஆடி முடியட்டும்ப்பா, அப்புறம் பேசலாம்"னுட்டாங்க. வலது முன் கதவோட லாக் மட்டும் இன்னும் பாக்கி இருக்கு.